செவியை எடுத்துவிட்டால் டேர்டெவிலில் என்ன மிஞ்சும்?

கேள்வி: இரவுக்காட்சி

வணக்கம். நெட்ஃபிளிக்ஸில் 2015 ஏப்ரல் 10 அன்று தொடங்கி, 2018-இல் மூன்றாம் சீசனோடு நிறுத்தப்பட்ட டேர்டெவில் தொடரின் 39 எபிசோடுகளையும் சென்ற வாரம் மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்த சூப்பர் ஹீரோ தொடர் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதன் பெயரைத்தான் சொல்வேன். ஏன் என்று இதுவரை எவரும் என்னைக் குடைந்து கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் நெருங்கிய நண்பர் நான் வற்புறுத்தியதன் பேரில் முதல் சீசனைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர், கூடவே இப்படியும் சொன்னார்: "இது ஒரு நல்ல குற்றக் கதை. பகலில் பார்வையற்ற வழக்கறிஞராக இருக்கும் மேட் மர்டாக் இரவில் முகமூடி அணிந்து ரௌடிகளை அடிக்கிறார். ஊரையே வளைத்துப்போடப் பார்க்கும் பெரும்புள்ளி எதிரே நிற்கிறார். மேட் மர்டாக்கின் அந்த அபாரமான செவியை எடுத்துவிட்டு, கண் தெரியும் சாதாரண மனிதராக அவரை வைத்தாலும் ஓர் எபிசோடுகூட மாறாது. பிறகு இது எப்படி சூப்பர் ஹீரோ தொடர் ஆகும்?"

நான் உடனே இரண்டாம் எபிசோடின் கடைசியில் வரும் நடைவழிச் சண்டையைச் சொன்னேன். கடத்தப்பட்ட சிறுவனை மீட்பதற்காக, ஏற்கெனவே உடம்பெல்லாம் காயத்தோடும் தையலோடும் இருக்கும் மேட், ஒரு குறுகிய நடைவழியில் அத்தனை பேரையும் தனியாக எதிர்கொள்ளும் காட்சி அது. "அங்கேதானே அவரிடம் எந்த ஆற்றலும் இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறது? மூச்சு வாங்குகிறார், சுவரில் சாய்கிறார், தள்ளாடுகிறார்" என்று நண்பர் திருப்பிக் கேட்டார். எனக்கு வாயடைத்துப்போயிற்று. ஏனென்றால், நான் அந்தக் காட்சியை நேசிப்பதற்குக் காரணமும் அதுவேதான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மேட்டின் செவி இந்தக் கதையில் உண்மையாகவே வேலை செய்கிறதா, அல்லது 1964-இல் தொடங்கிய காமிக்ஸிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மூன்று சீசன்களின் திருப்பங்களையும் தாராளமாகச் சொல்லலாம். இன்னும் பார்க்காதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: சாட்சிக்கூண்டு

நான் சட்டத் தொழிலில் இருப்பவன். உங்கள் நண்பர் மேட்டின் ஆற்றலைச் சண்டைகளில் தேடியிருக்கிறார். அது முழு வீச்சோடு வேலை செய்வது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளில்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். உடன் வேலை செய்தவரின் பிணத்தருகே, இரத்தம் தோய்ந்த கத்தியோடு பிடிபட்ட கேரன் பேஜ், தான் கொல்லவில்லை என்கிறார். சான்றுகள் எல்லாம் அவருக்கு எதிராக இருக்கின்றன. மேட் அவருடைய இதயத்துடிப்பைக் கேட்கிறார், அது தடுமாறவில்லை, அவ்வளவுதான். மேட்டும் நண்பர் ஃபாகி நெல்சனும் நடத்தும் நெல்சன் அண்டு மர்டாக் அலுவலகத்துக்கு முதல் கட்சிக்காரர் கிடைத்துவிடுகிறார். அதே எபிசோடில், வேலை செய்த நிறுவனத்தின் கோப்பு இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று மேட் கேட்க, கேரன் இல்லை என்கிறார். இம்முறை துடிப்பு மாறுகிறது. மேட் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பேசாமல் இருந்துவிட்டு, கேரன் கோப்பை எடுக்கப் போகும்போது பின்தொடர்கிறார். அங்கே காத்திருந்த கொலையாளியிடமிருந்து அவரைக் காப்பாற்றுகிறார். செவி இல்லையென்றால் கேரன் முதல் எபிசோடிலேயே இறந்திருப்பார். ஓர் எபிசோடுகூட மாறாது என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஒரு வழக்கறிஞருக்குத் தம் கட்சிக்காரர் சொல்வது உண்மையா என்பது பல நேரங்களில் தெரியாது. தெரியாது என்பதன் மேல்தான் எங்கள் தொழிலே நிற்கிறது. ஐயத்தின் பலனைக் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கொடு என்று சட்டம் சொல்வது, மனிதர்களால் அடுத்தவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க முடியாது என்பதால்தான். மேட்டுக்கு அந்த ஐயமே கிடையாது. அவர் கேட்டுவிடுகிறார், தெரிந்துகொண்டுவிடுகிறார். ஆனால் தெரிந்ததை நீதிமன்றத்தில் வாய் திறந்து சொல்ல அவருக்கு வழியில்லை. பொய் கண்டறியும் கருவியின் முடிவையே அமெரிக்காவின் பெரும்பாலான நீதிமன்றங்கள் எளிதில் சான்றாக ஏற்பதில்லை என்னும்போது, ஒருவருடைய காதை எந்த நீதிபதி ஏற்பார்?

மூன்றாம் எபிசோடு முழுவதும் இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். ஹீலி என்ற கூலிக் கொலையாளிக்காக மேட்டும் ஃபாகியும் வாதாட வேண்டியிருக்கிறது. நடுவர் குழுவில் ஒருவர் மிரட்டப்பட்டிருக்கிறார் என்பதை நீதிமன்ற அறைக்குள் உட்கார்ந்தபடியே மேட் கேட்டு அறிகிறார். இருந்தும் எழுந்து நின்று, நன்மை தீமை என்ற கேள்வியை வெளியே வைத்துவிட்டு மெய்ப்பிக்கப்பட்டவற்றை மட்டும் பாருங்கள் என்று நடுவர்களிடம் பேசுகிறார். சட்டம் படித்த எவரும் அந்தப் பேச்சில் குறை காண முடியாது. ஆனால் பேசுகிறவர் முகத்தில் அதற்கான வலி தெரிகிறது. சார்லி காக்ஸ் தொடர் முழுவதிலும் மிக அடக்கமாக நடித்த இடம் அதுதான் என்பது என் எண்ணம். ஹீலி விடுதலையான பிறகு, அதே மேட் முகமூடியோடு வந்து அவரை அடித்து உண்மையைக் கறக்கிறார். உங்கள் நண்பர் சொன்ன அந்தப் பெரும்புள்ளியின் பெயரை, வில்சன் ஃபிஸ்க் என்பதை, மேட் முதன்முதலாகக் கேட்பது அப்போதுதான். பெயரைச் சொல்லிவிட்ட அச்சத்தில் ஹீலி தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்.

பத்தாம் எபிசோடையும் நண்பருக்கு நினைவூட்டுங்கள். முகமூடிக்குள் இருப்பது மேட்தான் என்று ஃபாகி அறியும்போது, சண்டைகளை மறைத்ததைவிட அதிகமாக அவரை நோகடிப்பது, கல்லூரியில் பழகத் தொடங்கிய நாள் முதல் தாம் சொன்ன ஒவ்வொரு சிறு பொய்யும் மேட்டுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பதுதான். நட்பு என்றால் சில பொய்களைக் கண்டும் காணாமல் விடுவதும் சேர்ந்ததே. இங்கே ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், மற்றவருக்கு அது தெரியாது. கண் தெரியும் சாதாரண மனிதரை வைத்து இந்தச் சண்டையை எழுதவே முடியாது.

மறுமொழி: கயிற்றுமூலை

சாட்சிக்கூண்டு சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடைவழிச் சண்டையை அவ்வளவு எளிதில் நண்பருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த எபிசோடின் பெயர் 'கட் மேன்'. குத்துச்சண்டையில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே கிடைக்கும் ஒரே நிமிடத்துக்குள், வீரரின் முகத்தில் கிழிந்த இடத்தை அடைத்து, இரத்தம் கண்ணில் இறங்காமல் பார்த்து, மறுபடி களத்துக்கு அனுப்பிவைப்பவருக்கு அந்தப் பெயர். எபிசோடு முழுக்கவே யாரோ ஒருவர் யாருக்கோ காயத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறார். குப்பைத் தொட்டியில் கிடந்த மேட்டைத் தூக்கிவந்து செவிலியர் கிளேர் தைக்கிறார். பழைய நினைவுகளில், தோற்றுத் திரும்பும் தந்தை ஜாக்கின் முகத்தைச் சிறுவன் மேட் தைக்கிறான். பிறகு, பணத்துக்காகத் தோற்க ஒப்புக்கொண்ட தந்தை, மகனுக்கு ஒருமுறையாவது வெற்றியின் ஆரவாரத்தைக் கேட்க வைக்க வேண்டும் என்று ஜெயித்துவிட்டு, அதற்காகவே கொல்லப்படுகிறார்.

இதற்குப் பிறகுதான் நடைவழி வருகிறது. மேட் சுவரில் சாய்வதைச் சோர்வு என்று மட்டும் பார்க்க வேண்டாம். குத்துச்சண்டை வீரர் களத்தின் கயிற்றில் சாய்வதைப்போல அவர் சாய்கிறார். அடிக்கிறார், சாய்கிறார், மூச்சைப் பிடிக்கிறார், அடுத்த சுற்றுக்குத் திரும்புகிறார். கீழே விழுந்தவர்களும் அப்படியே கிடப்பதில்லை. அவர்களும் எழுந்து வருகிறார்கள். இயக்குநர் ஃபில் ஏப்ரஹாமும் சண்டை அமைப்பாளர் ஃபிலிப் சில்வேராவும் சேர்ந்து எடுத்த ஒரு முடிவை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன்: கேமரா நடைவழியை விட்டு விலகுவதே இல்லை. மேட் பக்கத்து அறைக்குள் பாய்ந்தால் அது வெளியே காத்திருக்கிறது. உள்ளே தட்டுமுட்டுச் சத்தம் கேட்கிறது. திடீரென்று ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வாசல் வழியே பறந்து வந்து ஒருவன் தலையில் மோதுகிறது. அந்தச் சில நொடிகள் பார்வையாளராகிய நாமும் காதை வைத்துத்தான் சண்டையைப் பின்தொடர்கிறோம். செவிக்கு இடமில்லாத காட்சி என்று இதை எப்படிச் சொல்வது?

மேட்டின் ஆற்றல் அறிந்துகொள்வதற்கு மட்டுமே உதவுகிறது, தாங்கிக்கொள்வதற்கு உதவுவதில்லை. அடி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்; வாங்கும் உடம்பு ஜாக் மர்டாக்கின் மகனுடைய சாதாரண உடம்பு. உடம்பும் இரும்பாக இருந்திருந்தால் இந்தக் காட்சியே பிறந்திருக்காது.

பின்னால் வந்த பெரிய சண்டைகளில், இரண்டாம் சீசனின் மாடிப்படிச் சண்டை, கையில் சங்கிலியும் மறுகையில் ஒட்டப்பட்ட துப்பாக்கியுமாகப் பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும், மனத்தில் தங்கவில்லை. மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோடில், சிறைக்குள் ஒரே ஷாட்டாக ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் காட்சி வேறு ரகம். அங்கே மேட்டுக்கு ஊசி மூலம் மருந்து ஏற்றிவிடுகிறார்கள். முகமூடி இல்லை, கவசம் இல்லை, நம்பியிருந்த புலன்களும் மங்கிப்போகின்றன. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், செவி இருக்கும்போதும் தடுமாறும்போதும் ஒரே மனிதர் எப்படி வேறுபடுகிறார் என்பது விளங்கும்.

மறுமொழி: வெண்கோல்

எனக்குப் பார்வை இல்லை. இந்த உரையாடலைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டேர்டெவிலைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு மட்டும் நினைவுக்கு வரும் ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பார்வையற்ற நாயகனைப் பற்றிய இந்தத் தொடர் வெளியான அன்று, பார்வையற்றவர்கள் பின்தொடர்வதற்கு வேண்டிய ஒலி விவரிப்பு அதில் இல்லை. காட்சியில் நடப்பதை வசனங்களுக்கு இடையே ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு வருமே, அதைத்தான் சொல்கிறேன். இதற்காக முன்பிருந்தே குரல் கொடுத்துவந்தவர்கள் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு வாரத்துக்குள்ளாகவே, அதே 2015 ஏப்ரலில், நெட்ஃபிளிக்ஸ் டேர்டெவிலிலிருந்து தொடங்கி ஒலி விவரிப்பு தருவதாக அறிவித்தது. மற்றத் தொடர்களுக்கும் அது படிப்படியாக வந்தது. இன்று நான் எத்தனையோ தொடர்களைப் பிறர் துணையின்றிப் பார்க்கிறேன் என்றால், அந்த வரிசையில் முதலில் நின்றது இந்தத் தொடர்தான். ஆகவே மேட் பார்வையற்றவராக இல்லாவிட்டாலும் எதுவும் மாறாது என்று ஒருவர் சொல்லும்போது, கதைக்கு வெளியே எவ்வளவு மாறியது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

கதைக்குள் வருவோம். மேட்டின் செவி எங்களில் எவருக்கும் கிடையாது. கண் போனால் காது தானாகக் கூர்மையாகிவிடும் என்ற நம்பிக்கையை இப்படிப்பட்ட கதைகள் வளர்த்துவிடுகின்றன என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனால் தொடரை எடுத்தவர்கள் சின்னச் சின்ன இடங்களில் உண்மையாக நடந்துகொண்டார்கள். முதல் எபிசோடில் மேட்டின் தொலைபேசி ஒலிக்கும்போது, அழைப்பவரின் பெயரை 'ஃபாகி, ஃபாகி' என்று அது திரும்பத் திரும்பச் சொல்லும். என் தொலைபேசியும் அப்படித்தான் சொல்கிறது. அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இரவெல்லாம் ஒளிரும் பெரிய விளம்பரத் திரை இருப்பதால்தான் அந்த வீடு அவருக்கு மலிவாகக் கிடைத்தது என்ற விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்களுக்குத் தூக்கம் கெடும் வெளிச்சம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த வேடத்துக்காகப் பார்வையற்ற ஆலோசகர் ஒருவரோடு சார்லி காக்ஸ் பயிற்சி எடுத்தார்; அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளை 2015-இல் ஹெலன் கெல்லர் பெயரிலான விருதை அவருக்கு வழங்கியது.

மேட் உலகத்தை எப்படி உணர்கிறார் என்பதை முதல் சீசன் ஒரே ஒரு முறைதான் காட்சியாகக் காட்டுகிறது. ஐந்தாம் எபிசோடில், எல்லாம் தீப்பற்றி எரிவதுபோல இருக்கும் என்று கிளேரிடம் அவர் சொல்லும்போது. மற்ற நேரமெல்லாம் ஒலியைக் கொண்டே உணர்த்திவிடுகிறார்கள். நடைவழிச் சண்டையை ஒலி விவரிப்பு இல்லாமலும் நான் கேட்டிருக்கிறேன். போகப்போக அடியின் சத்தம் குறைந்து மூச்சின் சத்தம் கூடிக்கொண்டே போகும். யார் களைத்திருக்கிறார், யார் இன்னும் களைக்கவில்லை என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. உங்கள் நண்பரை ஒருமுறை திரையை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: வெள்ளைச்சுவர்

நண்பர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். முதல் சீசனின் மிக வலுவான பகுதி வில்சன் ஃபிஸ்க். அவருக்கு எந்த அபூர்வ ஆற்றலும் கிடையாது. மூன்றாம் எபிசோடின் முடிவு வரை அவரைக் காட்டுவதே இல்லை. பெயரைச் சொல்லவே ஆட்கள் நடுங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால், ஓவியக் கூடத்தில் வெறும் வெள்ளை நிற ஓவியம் ஒன்றின் முன்னால் கூச்சத்தோடு நிற்கும் பருத்த மனிதர் ஒருவர். ஓவியத்தைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று அங்கே வேலை செய்யும் வனேசா கேட்டதற்கு, தனிமையாக உணர்கிறேன் என்கிறார். வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுப்பதுபோலப் பேசுவார். அச்சத்தையும் இரக்கத்தையும் ஒரே மூச்சில் வரவழைத்த வில்லனை நான் தொலைக்காட்சியில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் செவி என்று நீங்கள் எல்லோரும் பேசியபோது, எட்டாம் எபிசோடு எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. சிறுவன் ஃபிஸ்கைத் தந்தை சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, தாயை அடிக்கிறார். சிறுவன் அதைப் பார்க்கவில்லை. சுவரை வெறித்தபடி கேட்கிறான். பிறகு எழுந்து சுத்தியலால் தந்தையைக் கொல்கிறான். மேட்டும் தந்தையைக் கொன்ற துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டவர்தான். இருவருமே கேட்கக் கூடாததைச் சிறு வயதில் கேட்டவர்கள். ஃபிஸ்க் அந்தச் சுவரை ஓவியமாக விலைக்கு வாங்கி, படுக்கையறையில் மாட்டிக்கொண்டார்.

மறுமொழி: இரவுக்காட்சி

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. சாட்சிக்கூண்டு சொன்ன பத்தாம் எபிசோடை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். மூன்று முறை பார்த்தும் என் மனத்தில் பதியாத ஒரு பகுதி அதில் இருக்கிறது. வெள்ளைச்சுவர் எழுதியதைப் படித்த பிறகே அதன் கனம் தெரிந்தது.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் மேட், இதையெல்லாம் ஏன் தொடங்கினாய் என்று கேட்கும் ஃபாகிக்குப் பதில் சொல்கிறார். ஒவ்வோர் இரவும் ஊரின் சத்தங்களுக்கு நடுவே, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிறுமி அழுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. அவளுடைய தந்தை நள்ளிரவில் அவள் அறைக்குப் போகிறார். மேட் முதலில் சட்டப்படிதான் நடந்தார். குழந்தைகள் நலத் துறைக்குத் தகவல் கொடுத்தார். தாய் நம்ப மறுத்துவிட்டார், தந்தை தடயம் எதையும் விட்டுவைக்கவில்லை, சட்டத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஆள் வேலைக்குப் போகும் வழியில் முகமூடியோடு காத்திருந்து அடித்ததுதான் மேட்டின் முதல் சண்டை. அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்று அவர் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமிதம் துளியும் இல்லை.

கண் தெரியும் சாதாரண மனிதர் ஒருவர் அந்த இரவுகளில் தம் வீட்டில் உறங்கியிருப்பார். சிறுமியின் அழுகை அவரை எட்டியே இருக்காது. சாட்சிக்கூண்டு எழுதிய வழக்கறிஞரின் சிக்கலும், வெள்ளைச்சுவர் எழுதிய சிறுவர்களின் கதையும் அந்த ஒரு நிமிடப் பேச்சில் வந்து சேர்ந்துவிடுகின்றன. மூன்றாம் சீசனில், அருட்சகோதரி மேகியின் பிரார்த்தனையை எதேச்சையாகக் கேட்டு, அவர்தான் தம்மைப் பெற்ற தாய் என்று மேட் அறியும் இடமும் இப்போது வேறு மாதிரி வலிக்கிறது. அவரால் காதைப் பொத்திக்கொள்ள முடிவதில்லை.

நண்பரை இந்தச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பத்தாம் எபிசோடில் அந்தப் பேச்சு வரும் இடத்தை மட்டும் முதலில் போட்டுக் காட்டுவேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, வெண்கோல் சொன்னபடி, நடைவழிச் சண்டையை இருவருமாகக் கேட்கப்போகிறோம்.